சுக்கான் கீரை: சத்தா, நஞ்சா? புளிப்பிலிருந்து தொடங்கும் விளக்கம்

சுக்கான் கீரையைப் பற்றித் தேடிப் படிப்பவர்களுக்கு இரண்டு விதமான செய்திகள் மாறிமாறிக் கிடைக்கின்றன. வைட்டமின் சி மிகுந்தது, தொட்டியிலேயே வளரும், ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் பறிக்கலாம் என்கிறது ஒன்று. சிறுநீரகத்தைக் கெடுக்கும், இந்தக் கீரை சூப்பைக் குடித்து ஒருவர் இறந்தே போனார் என்கிறது மற்றொன்று. இரண்டுமே பொய் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பது இலையிலுள்ள ஆக்சாலிக் அமிலம். செடியை எந்த இடத்தில் வைப்பது, இலையை எப்போது பறிப்பது, எந்தப் பாத்திரத்தில் சமைப்பது, யார் தொடக்கூடாது ஆகிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த அமிலத்தைத் தெரிந்துகொண்டாலே விடை கிடைத்துவிடும்.

எந்தச் செடி?

முதல் குழப்பம் இங்கேயே தொடங்குகிறது. புளிப்பான இலை கொண்ட பல செடிகள் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன, எழுதப்படுகின்றன. விதை வாங்கும்போதும் சமையல் குறிப்பைப் பின்பற்றும்போதும் தாவரவியல் பெயரைப் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

1. ரூமெக்ஸ் அசிடோசா. ஐரோப்பாவிலும் ஆசியாவின் மிதவெப்பப் பகுதிகளிலும் புல்வெளிகளில் இயற்கையாக வளரும் பல்லாண்டுச் செடி. இலை நீண்டு, அம்பு முனை போல இருக்கும். அடிப்பகுதியின் இரு மடல்களும் காம்பை நோக்கிப் பின்பக்கம் திரும்பியிருக்கும். தோட்டத்தில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் இதுதான். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு.

2. ரூமெக்ஸ் ஸ்குடேட்டஸ். கேடய வடிவில் சிறிய, சற்றுச் சாம்பல் கலந்த பச்சை இலைகள். தாழ்வாகப் படர்ந்து வளரும். வறட்சியை முன்னதைவிட நன்றாகத் தாங்கும். சமையற்காரர்கள் பலர் இதன் சுவையை மேலானதாகக் கருதுகிறார்கள்.

3. ரூமெக்ஸ் வெசிகேரியஸ். தமிழில் சுக்கான் கீரை என்ற பெயருக்கு நேர் உரிமை உள்ளது இதுவே. வட ஆப்பிரிக்காவிலிருந்து தெற்காசியா வரை வறண்ட நிலங்களில் வளரும் ஓராண்டுச் செடி. இலை சதைப்பற்றுள்ளது; காய்களைச் சுற்றி இளஞ்சிவப்பில் ஊதிய பைகள் போன்ற உறைகள் இருக்கும்.

4. ரூமெக்ஸ் சாங்குனியஸ். நரம்புகள் இரத்தச் சிவப்பு. பார்க்க அழகு, சுவையில் புளிப்பு குறைவு, முற்றினால் கசப்பு. சாலட் தட்டுக்கு நிறம் சேர்க்க வளர்க்கலாம், சுவைக்காக வளர்க்க இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

5. ரூமெக்ஸ் அசிடோசெல்லா. சிறிய களை. வேர் படர்ந்து புதுப்புதுச் செடிகளாக முளைக்கும். உண்ணத்தக்கதுதான், ஆனால் தோட்டத்துக்குள் வேண்டுமென்றே கொண்டுவருவது புத்திசாலித்தனம் இல்லை.

இந்த ஐந்தும் ரூமெக்ஸ் இனம். புளிப்பான தண்டுள்ள ரூபார்பும், விதையைத் தானியம் போல உண்ணும் பக்வீட்டும் இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவை. புளியாரை இந்தக் குடும்பமே இல்லை. அது ஆக்சாலிஸ் இனம், மூன்று இதய வடிவச் சிற்றிலைகளைக் கொண்டது, புளிப்பின் காரணம் மட்டும் அதே அமிலம். புளிச்சக்கீரை இன்னும் தூரத்து உறவு. வெண்டை, செம்பருத்தி ஆகியவற்றின் குடும்பத்தில் வருவது. கரீபியன் தீவுகளில் சுக்கான் கீரையின் ஆங்கிலப் பெயரான ‘சாரல்’ (sorrel) என்பதையே புளிச்சக்கீரை இனத்தின் சிவந்த புல்லிதழ் பானத்துக்கும் வைத்திருப்பதால், சமையல் குறிப்புகளைப் படிப்பவர்கள் குழம்புவதில் வியப்பில்லை.

காட்டில் பறிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஐரோப்பியக் காடுகளில் வளரும் ஆரம் மாக்குலாட்டம் என்ற நச்சுச் செடியின் இளம் இலையும் அம்பு வடிவில்தான் இருக்கும். அதில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால் கடித்தவுடன் வாயும் தொண்டையும் எரியும். வேறுபடுத்த ஒரு நல்ல அடையாளம் உண்டு. சுக்கான் கீரைக் குடும்பத்தில், இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவைச் சுற்றி மெல்லிய காகிதம் போன்ற சவ்வு உறை இருக்கும். ஆரம் செடியில் அது கிடையாது. உறையைப் பார்க்க முடியாவிட்டால் பறிக்காமல் விடுவதே சரி.

புளிப்பு எங்கிருந்து வருகிறது?

அமில மண்ணில் வளர்வதால்தான் இலை புளிக்கிறது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. சுண்ணாம்பு போட்டால் புளிப்பு போய்விடும் என்று அதன் தொடர்ச்சியாக அறிவுரையும் வரும். இது தவறு. செடி மண்ணிலிருந்து அமிலத்தை உறிஞ்சுவதில்லை. தன் செல்களுக்குள் தானே ஆக்சாலிக் அமிலத்தைத் தயாரிக்கிறது. மண்ணைக் காரமாக்கினால் செடி நலிவடையலாம், இலை இனிப்பாகாது.

ஆக்சாலிக் அமிலம் சிறிய மூலக்கூறு. ஆனால் வினிகரிலுள்ள அசிடிக் அமிலத்தையும் எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலத்தையும்விட வலிமையானது. இலையில் அது மூன்று நிலைகளில் இருக்கிறது: தனி அமிலமாக, பொட்டாசியம் போன்றவற்றோடு சேர்ந்த கரையும் உப்பாக, கால்சியத்தோடு சேர்ந்த கரையாத படிகமாக. நாக்குக்குப் புளிப்பாகத் தெரிபவை முதல் இரண்டும். மூன்றாவது நிலை சுவையில் தெரியாது. பின்னர் உடலைப் பற்றிப் பேசும்போது இந்தப் பிரிவினை முக்கியமாகும்.

பொட்டாசியம் உப்புக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. சுக்கான் கீரை, புளியாரை ஆகியவற்றின் சாற்றைக் காய்ச்சி எடுத்த உப்பு, துணியிலுள்ள மைக்கறையையும் துருக்கறையையும் நீக்கப் பயன்பட்டது. ஆக்சலேட் இரும்பைப் பற்றிக்கொண்டு நீரில் கரைய வைத்துவிடும். 1824-இல் ஜெர்மன் வேதியியலர் ஃபிரெடரிக் வோலர் இதே ஆக்சாலிக் அமிலத்தை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்தார். யூரியாவைத் தயாரித்து அவர் புகழ்பெறுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு நடந்தது இது.

செடிக்கு இந்த அமிலத்தால் என்ன பயன்? மேய வரும் விலங்குகளையும் பூச்சிகளையும் தள்ளி நிறுத்துவது ஒன்று. தேவைக்கு மீறிய கால்சியத்தைப் படிகமாக்கி ஒதுக்கி வைப்பது இன்னொன்று. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேரை வாட்டும். உறவுச் செடியான பக்வீட் ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து அந்த அலுமினியத்தைக் கட்டிப்போடுவது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. அதாவது புளிப்பு அமில மண்ணின் விளைவு இல்லை, அமில மண்ணைச் சமாளிக்க உதவும் கருவி.

வளர்ப்பில் கவனிக்க வேண்டியவை

பல்லாண்டுச் சுக்கான் கீரை குளிர்ச்சியை விரும்பும் செடி. பனியைத் தாங்கும், குளிர்காலத்தில் மேற்பகுதி வாடினாலும் வேரிலிருந்து மீண்டும் தழைக்கும். வெயில்தான் அதற்கு எதிரி. வெப்பம் கூடி, பகல் நீளும்போது பூத்தண்டு விடும். அதன் பின் இலை சிறுத்து, தடித்து, புளிப்போடு கசப்பும் சேரும். எனவே வெப்பமான பகுதியில் இருப்பவர்கள் குளிர்ந்த மாதங்களைப் பயிர்க்காலமாக வைத்துக்கொண்டு, பிற்பகல் நிழல் விழும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படியும் தேறவில்லை என்றால் அசிடோசாவோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, வறண்ட நிலத்துக்குப் பழகிய வெசிகேரியஸை ஓராண்டுப் பயிராக விதைப்பது நல்லது. அதுவும் குளிர்ந்த மாதங்களில்தான் நன்றாக வரும்.

1. மண். நீர் தேங்காத, ஈரம் காக்கும், மட்கு கலந்த மண். லேசான அமிலத்தன்மை, அதாவது பி.எச். 5.5 முதல் 6.8 வரை, பொருத்தம். ஆணிவேர் ஆழமாக இறங்கும் என்பதால் தொட்டி குறைந்தது 25 செ.மீ. ஆழம் இருக்கட்டும்.

2. விதைப்பு. விதை சிறியது, அரை முதல் ஒரு செ.மீ. ஆழம் போதும். ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் முளைக்கும். பல்லாண்டு வகைக்குச் செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி. கலைத்தெடுத்த நாற்றைத் தூக்கி எறிய வேண்டாம், அதுவே முதல் அறுவடை.

3. நீர். சீரான ஈரம். காய்ந்து காய்ந்து நனைந்தால் செடி அவசரமாகப் பூக்கும்.

4. பூத்தண்டு. கண்டவுடன் அடியோடு நறுக்குங்கள். பெண் செடிகளை விதை கட்ட விட்டால் சுற்றிலும் நாற்று முளைத்து, அடுத்த பருவத்தில் அதுவே களையாகும்.

5. பிரித்து நடுதல். மூன்று நான்கு ஆண்டுகளில் புதரின் நடுப்பகுதி தளர்ந்துவிடும். வளர்ச்சி தொடங்கும் பருவத்தில் தோண்டி, வேரோடு துண்டுகளாகப் பிரித்து நட்டால் புத்துயிர் பெறும். பூக்காத ரகங்களுக்கு விதை கிடையாது. அவற்றைப் பெருக்க இதுதான் வழி.

உரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செடி தழைச்சத்தை நைட்ரேட் வடிவில் எடுத்தால், அதைப் பயன்படுத்தும் வேலையில் செல்லுக்குள் காரத்தன்மை கூடுகிறது. சமன் செய்யச் செடி கரிம அமிலங்களைத் தயாரிக்கிறது. பாலக், பருப்புக்கீரை போன்ற ஆக்சலேட் மிகுந்த கீரைகளில் நடந்த சோதனைகளில், நைட்ரேட் உரத்தில் வளர்ந்தவை அம்மோனியம் உரத்தில் வளர்ந்தவற்றைவிட அதிக ஆக்சலேட்டைச் சேர்த்துவைத்தன. சுக்கான் கீரைக்கும் இதே தர்க்கம் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை. நைட்ரேட் உரத்தை அள்ளிப்போட்டுப் பெரிய இலைகளை வளர்ப்பதற்குப் பதிலாக ஆண்டுக்கு ஒருமுறை மட்கு போடுவது போதும். உண்மையில் இந்தச் செடி அதற்கு மேல் கேட்பதும் இல்லை.

பூச்சிகளில் இலைத் துளைப்பான் ஈயின் புழுதான் முதல் தொல்லை. இலையின் இரு தோல்களுக்கும் நடுவே தின்று வெளிர்ந்த திட்டுகளை உண்டாக்கும். இலைக்குள் இருப்பதால் மருந்து தெளித்துப் பயனில்லை; அந்த இலைகளைக் கிள்ளி அழித்துவிடலாம். நத்தைகளும் அசுவினியும் வரும். ஓட்டையிட்டுத் தின்னும் பச்சை நிற மின்னும் வண்டு சில நாடுகளில் உண்டு. அமிலம் எல்லாப் பூச்சியையும் விரட்டிவிடுவதில்லை என்பதற்கு இவையே சாட்சி.

பறிப்பது

விதைத்து ஆறு முதல் எட்டு வாரங்களில், இலை உள்ளங்கை நீளம் வந்ததும் பறிக்கத் தொடங்கலாம். வெளிச்சுற்று இலைகளை அடியில் கிள்ளி, நடுக்குருத்தைத் தொடாமல் விட வேண்டும். எவ்வளவு அடிக்கடி பறிக்கிறோமோ அவ்வளவு இளம் இலை வரும். பச்சையாகத் தின்ன இளம் இலை, சமைக்க நடுத்தர இலை. முற்றிய பெரிய இலையின் நடுநரம்பு நார்நாராக இருக்கும்; இலையை நீளவாக்கில் மடித்து, நரம்பைக் காம்போடு சேர்த்து உருவினால் எளிதில் வந்துவிடும்.

பறித்த இலை விரைவில் வாடும். ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சில நாட்கள் தாங்கும். காயவைத்துச் சேமிப்பதில் பயனில்லை, மணமும் சுவையும் தங்குவதில்லை. வெண்ணெயோடு அரைத்து, பனிக்கட்டி அச்சுகளில் ஊற்றி உறைய வைப்பதே சிறந்த சேமிப்பு முறை.

அடுப்பில் ஏற்றியதும் நிறம் மாறுவது ஏன்?

முதன்முறை சமைப்பவர்களைத் திடுக்கிட வைப்பது இதுதான். பளிச்சென்ற பச்சை இலை, சூடான வாணலியில் விழுந்த சில நொடிகளில் மங்கிய ஆலிவ் நிறமாகி, குழைந்து கூழாகிவிடும். கீரை கெட்டிருந்தது என்று நினைத்துக் கொட்டியவர்களும் உண்டு.

பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. இலையின் செல் சவ்வுகள் வெப்பத்தில் சிதைந்ததும் உள்ளே அடைபட்டிருந்த அமிலம் வெளியேறி, மக்னீசியத்தைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஹைட்ரஜனை வைத்துவிடுகிறது. விளைவது ஃபியோஃபைட்டின் என்ற பழுப்புப் பச்சை நிறமி. எந்தக் கீரையும் நெடுநேரம் வெந்தால் இப்படி ஆகும். சுக்கான் கீரையில் அமிலம் மிகுதி என்பதால் கண்முன்னே நடந்துவிடுகிறது. சமையல் சோடா போட்டால் பச்சை நிற்கும். ஆனால் புளிப்பு செத்துவிடும், அப்புறம் இந்தக் கீரையைச் சமைப்பதில் பொருளே இல்லை. நிறம் வேண்டும் என்பவர்கள் பச்சையாக அரைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பின் கலக்கலாம்; அல்லது பாலக்கோடு சேர்த்துச் சமைத்து நிறத்தைக் கடன் வாங்கலாம்.

பிரான்சின் ரோவான் நகரில் த்ருவாக்ரோ சகோதரர்கள் 1960-களில் புகழ்பெறச் செய்த சால்மன் மீன் உணவு, இந்த இயல்பைக் குறையாகப் பார்க்காமல் பயன்படுத்திக்கொண்ட ஒன்று. பாலேட்டுச் சாறு முழுவதும் தயாரான பிறகே கிழித்த இலைகளை அதில் போடுவார்கள். சில நொடிகளில் இலை இளகிச் சாற்றோடு கலந்துவிடும். போலந்து, உக்ரைன், ரஷ்யா ஆகிய நாடுகளின் சுக்கான் கீரைச் சூப்பிலும் இலை கடைசியில்தான் விழுகிறது. மேலே புளித்த பாலேடும் அவித்த முட்டையும்.

பால் பொருளைச் சேர்ப்பதில் ஒரு கவனம் வேண்டும். பாலின் கேசீன் புரதம் அமிலத்தில் திரியும் என்பதால் வெறும் பாலை ஊற்றினால் பிரிந்துவிடும். கொழுப்பு மிகுந்த கெட்டிப் பாலேட்டில் புரதம் குறைவு, அது தாங்கும். பாத்திரமும் முக்கியம். பூச்சில்லாத இரும்பு, அலுமினியம் இரண்டையும் தவிர்க்க வேண்டும். அமிலம் உலோகத்தை அரித்து இலையைக் கருக்கும், உணவில் உலோகச் சுவை ஏறும். துருப்பிடிக்காத எஃகு, எனாமல், மண்சட்டி ஆகியவற்றில் சிக்கல் இல்லை. வெட்டும் கத்தியும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், சுக்கான் கீரையைப் பாலக் போன்ற கீரைகளின் வரிசையில் வைப்பதே தவறு என்று தோன்றுகிறது. எலுமிச்சையைப் பிழிவது போல, முட்டைக்கும் மீனுக்கும் உருளைக்கிழங்குக்கும் பருப்புக்கும் மேலே ஒரு கைப்பிடி போடும் புளிப்புச் சேர்மானம் இது. கிண்ணம் கிண்ணமாகத் தின்னும் காய்கறியாக இதை நினைப்பதிலிருந்துதான் உடல்நலச் சிக்கல்களும் தொடங்குகின்றன.

உடலுக்குள் நடப்பது

சத்துக் கணக்கை முதலில் பார்ப்போம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுத் தரவுப்படி, பச்சையான ரூமெக்ஸ் இலை 100 கிராமில் சுமார் 48 மி.கி. வைட்டமின் சி, 103 மி.கி. மக்னீசியம், 44 மி.கி. கால்சியம், 2.4 மி.கி. இரும்பு உள்ளன; ஆற்றல் 22 கிலோகலோரி. கவர்ச்சியான எண்கள். ஆனால் ஒருவர் ஒரு வேளைக்குச் சேர்க்கும் கைப்பிடி இலையை 20 கிராம் என்று கொண்டால் வைட்டமின் சி ஏறத்தாழ 10 மி.கி. மட்டுமே, அதிலும் சமைத்தால் கொஞ்சம் போய்விடும். 44 மி.கி. கால்சியமும் பெயரளவுக்குத்தான், ஆக்சலேட்டோடு பிணைந்திருப்பதால் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். சத்துக்காக இந்தக் கீரையைத் தின்னச் சொல்லும் கட்டுரைகள் இந்தக் கழித்தலைச் செய்வதே இல்லை.

அடுத்தது ஆக்சலேட்டின் பாதை. கரையாத கால்சியம் ஆக்சலேட் பெரும்பாலும் குடலைக் கடந்து மலத்தோடு வெளியேறிவிடும். கரையும் ஆக்சலேட்தான் இரத்தத்தில் ஏறுகிறது. உடலால் அதைச் சிதைக்க முடியாது, சிறுநீரகம்தான் வடிகட்டி வெளியேற்ற வேண்டும். சிறுநீரில் அது கால்சியத்தைச் சந்தித்தால் படிகமாகும். சிறுநீரகக் கற்களில் மிகப் பரவலானவை கால்சியம் ஆக்சலேட் கற்களே. ஒரே நேரத்தில் மிக அதிகமாக வந்தால் சிறுநீரகத்தின் நுண்குழாய்களிலேயே படிகங்கள் அடைத்துக்கொள்ளும், இரத்தத்தில் கால்சியமும் குறையும்.

சூப் குடித்து இறந்தவர் என்ற செய்தி கட்டுக்கதை இல்லை. 1989-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஸ்பெயின் மருத்துவர்கள் பதிவுசெய்த நிகழ்வு அது. நோயாளி 53 வயதுடையவர். இன்சுலின் தேவைப்படும் நீரிழிவு அவருக்கு ஏற்கெனவே இருந்தது. அவர் உண்ட சூப்பில் சேர்ந்திருந்தது 500 கிராம் சுக்கான் கீரை. இந்த மூன்று விவரங்களையும் விட்டுவிட்டு ‘சூப் கொன்றது’ என்று மட்டும் சொல்வது அச்சமூட்டலே. அதே வேளையில், அரைக் கிலோ கீரை என்பது சமைத்தபின் ஒரு பெரிய கிண்ணத்தில் அடங்கிவிடும் அளவு என்பதையும் மறந்துவிடக் கூடாது. இலை கூழாகக் குழைந்துவிடுவதால் எவ்வளவு உள்ளே போகிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

கொதிக்கும் நீரில் போட்டு வடித்துக் கொட்டினால் கரையும் ஆக்சலேட்டில் கணிசமான பகுதி போய்விடும். புளிப்பும் கூடவே போய்விடும். இதைவிட நல்ல உத்தி, கால்சியம் உள்ள உணவோடு அதே வேளையில் உண்பது. தயிர், பாலாடைக்கட்டி போன்றவற்றின் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிணைத்துவிடுவதால் இரத்தத்துக்குள் செல்வது குறைகிறது. புளித்த பாலேட்டோடு சூப் குடிக்கும் வழக்கம் சுவைக்காகவே தோன்றியிருக்கலாம். வேதியியல் கணக்கும் அதற்குத் துணை நிற்கிறது. உண்டபின் பல் கரகரப்பாகத் தோன்றுவதும் ஆக்சலேட்டின் வேலைதான், வாயைக் கொப்பளித்தால் சரியாகும்.

பச்சைச் சாறு வேறு கதை. ஆக்சலேட் மிகுந்த இலைகளை அரைத்து நாள்தோறும் பெருமளவில் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. வடித்துக் கொட்டுவதும் இல்லை, கால்சியமும் இல்லை, வெறும் வயிறு என்றால் உறிஞ்சுதலும் கூடும். ஆரோக்கியமான ஒருவர் வாரத்தில் சில முறை ஒரு கைப்பிடி இலையை உணவில் சேர்ப்பதையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கீழ்க்கண்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் உண்ணக் கூடாது:

1. சிறுநீரக நோய் உள்ளவர்கள்.

2. ஏற்கெனவே கால்சியம் ஆக்சலேட் கல் வந்தவர்கள். கற்களில் யூரிக் அமிலக் கல் போன்ற வேறு வகைகளும் உண்டு. எனவே கல் எந்த வகை என்று பரிசோதித்துத் தெரிந்துகொண்டால் இந்தக் கட்டுப்பாடு தமக்குப் பொருந்துமா என்பது தெளிவாகும்.

3. உடல் எடை குறைக்க இரைப்பை மாற்றுவழி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், குடலில் கொழுப்பு சரியாக உறிஞ்சப்படாதவர்களும். செரிக்காத கொழுப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால், பிணைக்க ஆளில்லாத ஆக்சலேட் இரத்தத்துக்குள் நுழைந்துவிடும்.

4. வைட்டமின் சி மாத்திரையை நாள்தோறும் பெரிய அளவில் விழுங்குபவர்கள். உடலில் வைட்டமின் சி-யின் ஒரு பகுதி ஆக்சலேட்டாகவே மாறுகிறது.

ஆடுமாடு வளர்ப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சிறிதளவு மேய்ந்து பழகிய கால்நடைகளின் இரைப்பை நுண்ணுயிரிகள் ஆக்சலேட்டைச் சிதைக்கப் பழகியிருக்கும். பசியோடு வரும் பழக்கமில்லாத மந்தையை, ரூமெக்ஸ் அடர்ந்து வளர்ந்த நிலத்தில் திடீரென அவிழ்த்துவிட்டால் நச்சுப் பாதிப்பு ஏற்படலாம். செம்மறியாடுகளில் இது நன்கு அறியப்பட்ட ஒன்று. தோட்டத்தில் வெட்டிய பூத்தண்டுகளையும் முற்றிய இலைகளையும் குவியலாகத் தொழுவத்தில் கொட்டாமல் மட்குக் குழியில் போட்டுவிடலாம்.